கட்டைவிரலுக்குத் தெரிந்த பாதை

ஜூன் 3

கைபேசிப் பிரிவு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

சுற்றறிக்கையில் சொன்னபடி என்னிடமிருந்த பழைய பட்டன் போனை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சார்ஜர் ஒன்று, தோல் உறை ஒன்று. உறையின் ஓரத்தில் தெரியும் பல் தடம் என் மகளுடையது. அதற்கு ஏதாவது பிடித்தம் உண்டென்றால் தெரிவிக்கவும்.

இத்தோடு கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், அக்கா. முடியவில்லை.

ஏன் தாளில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். மெயிலில் எழுதினால் உன் அறையில் இருக்கும் மெஷின் வழியாகத்தானே போக வேண்டும்? நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் உன் வாசல் வழியாக என் கோபம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. தபால் பையில் போகட்டும். செவ்வாயும் வெள்ளியும் பை வருகிறது, அதுவே போதும்.

எங்கள் கிளையில் முதல் ஆளாகப் போனைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். எதையாவது பிடித்து வைத்துக்கொள்கிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. புதுக் கண்ணாடிப் போன் வந்து சேர்ந்தது. பளபளவென்று இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்றுதான் தெரியவில்லை. பழையதில் கட்டைவிரலுக்குப் பட்டன் தெரியும். இடது கையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே, வலது கையால் காகித ஆலைக்காரருக்குப் பேரிங் எப்போது வரும் என்று பதில் போட்டுவிடுவேன். இந்தக் கண்ணாடியில் தடவிப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி. குனிந்து பார்த்தே ஆக வேண்டும். நான் குனிந்தால் பாப்பா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறாள். பதினான்கு மாதக் குழந்தைக்கு என்ன பலம்!

ஆனால் காகித ஆலைதான் இப்போது என்னிடம் இல்லையே. நான்கு வருடம் நான் பார்த்த ஆலை. லீவில் இருந்தாலும் அவர்கள் மெயில் மட்டும் எனக்கு வரட்டும் என்று மேனேஜரிடம் கெஞ்சி வாங்கிய அனுமதியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரத்து செய்தது யார்? லீவின் கடைசி மூன்று மாதம் என் போனுக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. மேனேஜர்தான் வாக்குத் தவறிவிட்டார் என்று மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். திரும்பிப் போன அன்று அவர் சாவகாசமாகச் சொல்கிறார்: "உங்க அக்காதானேம்மா நிறுத்தச் சொன்னாங்க? வீட்டுல பேசிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்." ஆலை அதற்குள் வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
கிளை அலுவலகம், ஆர்டர் பிரிவு

*

ஜூன் 6

அன்புள்ள படபடவுக்கு,

வீட்டில் உனக்கு வைத்த பெயரை ஆபீஸ் தாளில் எழுதினேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் பிரித்ததும் முதல் பாதியைப் படித்துச் சிரித்தேன், மறுபாதியைப் படித்து மூடி வைத்தேன். பல் தடத்துக்குப் பிடித்தம் கிடையாது. பதிவேட்டில் "உறை: உபயோகித்த நிலை" என்று எழுதியாயிற்று.

உன் போனுக்கு வரிசை எண் 212. இந்த அறை முழுக்க இப்போது பட்டன் போன்கள்தான். எல்லாக் கிளைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து குவிகின்றன. பழைய சர்வரை மூன்றாம் தேதி சாயங்காலம் நானேதான் நிறுத்தினேன். பதினோரு வருடமாக முனகிக்கொண்டே இருந்த மெஷின் சட்டென்று நின்றதும் காது அடைத்தது போல இருந்தது. முப்பதாம் தேதிக்குள் எல்லாப் போனையும் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும். மொத்த லாட்டையும் ஒருவர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்.

கண்ணாடிப் போன் பழகிவிடும். எழுத்தைத் தொட்டால் லேசாக அதிர்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். எப்படி என்று தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆலை விஷயத்துக்கு வருகிறேன். ரத்து செய்தது நான்தான், ஒளிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு பேசிக்கொண்டிருந்தாய். பாப்பா பால் குடிக்கிறாள் என்றாய். பின்னால் டிக் டிக் டிக் என்று பட்டன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, அக்காவோடு பேசிக்கொண்டு, அதே நேரத்தில் ஆலைக்காரனுக்கும் பதில். உன் குரலில் ஒரு துளி தூக்கம் இல்லை. திங்கட்கிழமை வந்து திரையில் உன் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தை அழுத்தினேன். ஒரே ஒரு தொடல்தான். நீ மூன்று மாதமாவது தூங்குவாய் என்று நினைத்தேன். தப்பு என்று இப்போதும் எனக்கு முழுசாகத் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. பாப்பா எப்படி இருக்கிறாள்? எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கா" என்பாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுது.

அக்கா

*

ஜூன் 10

அக்கா,

சண்டையை ஓரமாக வைக்கிறேன். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், நீ ஒருத்திதான் செய்ய முடியும்.

பாப்பா நல்லா இல்லை. இரு, பதறாதே. இப்போது என் காலடியில் உட்கார்ந்து புதுப் போன் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஆறு மாதம் ஆனதிலிருந்து ஒரு தொந்தரவு. விழுந்தாலோ பயந்தாலோ அழ ஆரம்பிப்பாள். அழுகை பாதியிலேயே நின்றுவிடும். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது, மூச்சு வராது. உதடு நீலமாகும். அப்படியே துணி மாதிரி துவண்டுவிடுவாள். நான் எண்ணுவேன். பத்து, பன்னிரண்டு, ஒரு தடவை பத்தொன்பது வரை எண்ணினேன். பிறகு ஒரு பெரிய மூச்சு இழுத்துக் கண்ணைத் திறப்பாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல விளையாடப் போவாள். நான்தான் அன்று முழுக்க அவள் பின்னாலேயே திரிவேன்.

பழைய டாக்டர், "அழற குழந்தைங்க சிலது இப்படித்தான், வளர வளரச் சரியாயிடும்" என்றார். போன வாரம் வேறு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார்: "ஒவ்வொரு தடவையும் முதல்ல அழுதாளா? இல்ல, அழாமலே நெறம் மாறிச்சா? எத்தனை நொடி? கையும் காலும் வெட்டிச்சா? முடிஞ்சதும் தூங்கிட்டாளா?" அழுது வந்தால் பயமில்லையாம். அழாமல் வந்தால் அது வேறு வகை, இரண்டு வருடம் தினமும் மருந்து கொடுக்க வேண்டுமாம். "நீங்க சரியாச் சொன்னா முடிவு பண்ணலாம். தெரியலன்னா, எதுக்கும் மருந்தை ஆரம்பிச்சுடறதுதான் பத்திரம்" என்றார். ஜூலை நாலாம் தேதி திரும்ப வரச் சொன்னார்.

எனக்குச் சரியாகத் தெரியும், அக்கா. ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தேன். பாப்பா இடது கையில் துவண்டிருக்கும்போதே வலது கட்டைவிரல் எழுதிவிடும். அழுதாள், நீலம், பன்னிரண்டு நொடி. யாருக்கும் அனுப்புவதற்காக இல்லை. புது மெயில் திறந்து, முகவரி போடாமல், டிராஃப்டில் விட்டுவிடுவேன். தேதியும் நேரமும் அதுவே போட்டுக்கொள்ளும். நாற்பதுக்கு மேல் இருக்கும்.

புதுப் போனில் என் மெயில் எல்லாம் வந்துவிட்டது. நாலு வருடத்துக்கு முந்தைய பேரிங் ஆர்டர்கூட வந்திருக்கிறது. டிராஃப்ட் மட்டும் காலி. கிளையில் இருக்கும் கம்ப்யூட்டர்காரர், "அது அந்தப் போனுக்குள்ளேயேதான் இருக்கும் மேடம், சர்வருக்கு வராது" என்கிறார். அந்தப் போனை நானே, உன்மேல் இருந்த வீம்பில், முதல் ஆளாக உறையில் போட்டு ஒட்டி உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

212ஐத் துடைத்துவிட்டாயா?

கூப்பிட்டுக் கேட்கலாம்தான். கூப்பிட்டால் ஒன்று அழுவேன், இல்லையென்றால் சண்டை போடுவேன். இரண்டிலும் விஷயம் போய்விடும்.

*

ஜூன் 13

படபட,

துடைக்கவில்லை. முதலில் இதைப் படித்து மூச்சு விடு. 150 வரைதான் துடைத்திருக்கிறேன். 212ஐ எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

எட்டு மாதமாக இது நடக்கிறது, எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. காரியத்தை எழுதுகிறேன்.

போனை உனக்குத் திருப்பி அனுப்ப முடியாது. பதிவேட்டில் ஏறிய போன் இந்த அறையை விட்டு வெளியே போவது லாட் எடுப்பவரின் வண்டிக்கு மட்டும்தான். அந்த விதியை எழுதியவளே நான்தான், என்னைச் சொல்ல வேண்டும். ஊழியர் போனை நாங்கள் திறந்து பார்ப்பதும் கூடாது. எங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் நின்றேன். அந்த மனுஷர் என்னை எட்டு வருடமாக "சட்டப் புத்தகம்" என்றுதான் கூப்பிடுவார். "என்ன, சட்டப் புத்தகமே வந்து சலுகை கேக்குது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போனுக்குச் சொந்தக்காரங்க கைப்பட ஒப்புதல் எழுதித் தரட்டும். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். நீங்க திறங்க."

ஆகவே ஒன்று, ஒப்புதல் எழுதி அனுப்பு. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று தெளிவாக எழுது. இரண்டு, பாஸ்வேர்டு. சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் இங்கிருந்தே மாற்றியிருப்பேன். அதைத்தான் நிறுத்தியாயிற்றே. பத்துத் தடவை தப்பாகப் போட்டால் போன் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். ஆகவே யோசித்து, எழுத்து எழுத்தாக, கொட்டை எழுத்தில் எழுது.

பாப்பாவுக்கு என் முத்தம். இந்த வாரம் வந்ததா?

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூலில் இடித்துக்கொண்டு. பதினொன்று எண்ணினேன். புதுப் போனை எடுத்தேன். அது என் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டது. தாளில்தான் எழுதினேன், அதுவும் அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு.

ஒப்புதல் தனித் தாளில் இருக்கிறது. முகவரி இல்லாத டிராஃப்ட் எல்லாவற்றையும் திறக்கலாம், படிக்கலாம், நகல் எடுக்கலாம். அவற்றைத் தவிர, உன் பெயருக்கு எழுதியவை கொஞ்சம் அதே போனில் இருக்கும். லீவின் கடைசி மூன்று மாதத்தில் எழுதியவை. அவற்றைத் திறக்காதே. அனுப்பியபோது ஒன்றைக்கூட நீ திறக்கவில்லை. இப்போது எதற்கு?

பாஸ்வேர்டு எனக்குத் தெரியவில்லை, அக்கா.

நம்ப மாட்டாய். மாதம் ஒரு முறை மாற்றச் சொல்லி உயிரை வாங்கும் அந்தப் போன். பெயர், பிறந்த நாள் எல்லாம் போட்டுத் தீர்ந்துவிட்டது. கடைசியில் அர்த்தமே இல்லாமல் பட்டன்மேல் ஒரு பாதையை வைத்துக்கொண்டேன். கீழேயிருந்து மேலே போகும், குறுக்கே ஓடும், திரும்பும். தினம் ஐம்பது தடவை போட்டிருப்பேன். கட்டைவிரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நினைத்துப் பார்த்தால் எழுத்தே வரவில்லை. தாளில் பட்டன்களைப் படமாக வரைந்து அதன்மேல் விரலை வைத்தேன். மொழுக்கென்று இருக்கும் தாளில் விரல் எங்கே போகும்? கண்ணாடிப் போனில் முயன்றேன், அதுவும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, தாளுக்குத் தாலாட்டா?" என்கிறார். சிரிக்கத்தான் முயன்றேன்.

இரண்டு மாதிரி எழுதி அனுப்புகிறேன். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ வேண்டுமானால் போட்டுப் பார். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இன்னும் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

*

ஜூன் 20

படபட,

இரண்டும் இல்லை. எட்டு வாய்ப்பு மீதி இருக்கிறது. போனைத் திரும்பப் பூட்டி வைத்துவிட்டேன், கை பரபரக்கிறது.

யோசித்தேன். உன் விரலுக்குத்தான் தெரியும் என்றால் விரலுக்கு ஒரு போன் வேண்டும். உன் போன் வெளியே வர முடியாது. ஆனால் லாட்டில் சேராத உடைந்தவை ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. திரை நொறுங்கி உயிர் போனவை. அவை பதிவேட்டில் கிடையாது, குப்பைதான். அதில் தேடி, உன்னுடைய அதே மாடல், பட்டன் எல்லாம் சரியாக இருக்கும் ஒன்றை எடுத்தேன். பொறுக்கிக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அதிகாரி எட்டிப் பார்த்து, "செத்த போனுக்கு வைத்தியமா?" என்றார். "இல்ல, சாட்சி சொல்லக் கூப்பிடறேன்" என்றேன். திரையில் கண்ணாடித் துகள் இருக்கலாம் என்று மேலே தடித்த டேப் ஒட்டியிருக்கிறேன். பாப்பா கையில் கொடுத்துவிடாதே.

யோசிக்காமல் போடு. மெயில் வந்ததும் எடுப்பாயே, அந்த மாதிரி எடு. விரல் எதையெல்லாம் அழுத்துகிறது என்று பக்கத்தில் ஒருவர் பார்த்து எழுதட்டும்.

இன்னொன்று. நீ எனக்கு எழுதினதாகவும் நான் திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். எதை? நீ லீவில் இருந்தபோது என் பெயருக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதோடு சரி. அதுவும் குறைந்துகொண்டே வந்தது. குழந்தை வந்ததும் அக்கா எதற்கு என்று இருந்துவிட்டாய் என்று எனக்கும் ஒரு வருத்தம் இருந்தது, இப்போது சொல்வதில் என்ன?

பதில் செவ்வாய்க்கிழமைப் பையில் வந்தாக வேண்டும்.

அக்கா

*

ஜூன் 24

அக்கா,

பாஸ்வேர்டு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று கேள்.

சனிக்கிழமை உட்கார்ந்தேன். மேஜை, நாற்காலி, பக்கத்தில் பேனாவோடு என் வீட்டுக்காரர். போனைக் கையில் எடுத்ததும் உள்ளங்கைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் விரல் மூன்று பட்டன் போய் நின்றுவிடுகிறது. பத்துத் தடவை போட்டேன், பத்தும் வேறு வேறு. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "விடு, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். நான் எரிந்து விழுந்தேன். கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த மாமாவிடமிருந்து பாப்பா தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கு என்கிறாள். இடது கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்தேன்.

"இரு இரு இரு!" என்றார் அவர். "இப்பப் போட்டியே, அதை இன்னொரு தடவை போடு."

நான் போட்டதே எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் அவள் கனம் ஏறியதும் விரல் தானாக ஓடியிருக்கிறது. திரும்பப் போட்டேன். கீழ் வரிசை இடது மூலையில் ஆரம்பித்து மேலே ஏறி, நடு வரிசையில் குறுக்கே மூன்று, பின்னால் ஒன்று, பிறகு வலது கோடிக்கு ஒரு தாவல். அவர் எழுதினார். ஐந்து தடவை போட்டேன், ஐந்தும் ஒன்றே. பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டுப் போட்டால் வரவில்லை. தூக்கினால் வருகிறது! மாமா டிவியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "என்னம்மா, பேத்திதான் சாவியா?" என்றார்.

நான் எழுதியதை நீ திறக்காதது பற்றி. வரவில்லை என்கிறாய். நான் பொய் சொல்லவில்லை, நீயும் சொல்ல மாட்டாய். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கடிகாரக் குறி இருக்கும். எதிராளி இன்னும் படிக்கவில்லை, காத்திருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? மூன்று மாதம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ "பாப்பா எப்படி இருக்கா?" என்பாய். பக்கத்தில் மாமா இருப்பார், அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம். "நல்லா இருக்கா" என்றுதான் வாயில் வரும். இவள்தான் மெயிலில் எல்லாம் எழுதியிருக்கிறாளே, படித்துவிட்டுக் கேட்கிறாளா, படிக்காமலே கேட்கிறாளா என்று உள்ளே ஒன்று துடிக்கும். நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கோபம். ஆலை எல்லாம் அப்புறம்.

திறந்ததும் எழுது.

*

ஜூன் 27

என் தங்கச்சிக்கு,

முதல் தடவையிலேயே திறந்துவிட்டது. நானும் பாதுகாப்பு அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

டிராஃப்டில் இருந்தவை நாற்பத்தொன்று. கேபிள் போட்டு எடுக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் கையால் எழுதினேன். தேதி, நேரம், அழுகை, நிறம், நொடி, பிறகு தூங்கினாளா என்பதுவரை, நீ எழுதியது எழுதியபடி. பார்க்காமல் அடித்திருக்கிறாய், பல இடத்தில் விரல் ஒரு பட்டன் தள்ளி உட்கார்ந்து வரி முழுக்க உளறல். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது என்ன மேடம், ரகசிய மொழியா?" என்றார். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பட்டன் இடது பக்கம் நகர்த்திப் படித்தால் சரியாகிவிடுகிறது. "அழுதாள், நீலம், பதினாலு." அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். தேதி தேதியாக அவர் படிக்க, நான் எழுதினேன். முப்பத்தெட்டில் முதலில் அழுகை இருக்கிறது. மூன்றில் "தெரியல, பக்கத்து ரூம்ல இருந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். கை கால் வெட்டியதாக ஒன்றில்கூட இல்லை. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆறு தாள், இத்துடன் இருக்கிறது.

இப்போது மற்றது.

என் பெயருக்கு எழுதியவை பத்தொன்பது. பட்டியலில் வரிசையாக நின்றன. நீ சொன்னபடி திறக்கவில்லை. "உங்க பேருக்குத்தானே இருக்கு, படிங்க" என்றார் அதிகாரி. ஒப்புதலில் இல்லை என்றேன். ஆனால் பக்கத்தில் இருந்த குறியைப் பார்க்காமல் இருக்க முடியாதே.

அந்தக் கடிகாரத்துக்கு, எதிராளி படிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. மெயில் இன்னும் போனை விட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம். வாசலில் நிற்கிறது, வழி இல்லை. நான் அழுத்தின கட்டம் உள்ளே வருவதை மட்டும் அடைப்பதில்லை, வெளியே போவதையும் அடைக்கும். எனக்குத் தெரியும். அன்று அதைப் பற்றி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து உன்னைப் புதுக் கணக்காக இணைத்தபோது பழையவை போகாமல் அங்கேயே நின்றுவிட்டன.

முதல் கடிகாரத்தின் தேதியும் உன் முதல் டிராஃப்டின் தேதியும் ஒன்று. பதினான்கு நிமிட இடைவெளி. பாப்பா கண்ணைத் திறந்து பதினான்கு நிமிடத்தில் நீ எனக்கு எழுதியிருக்கிறாய். அந்த மூன்று மாதமும் உன்னைத் தூங்க வைத்துவிட்டேன் என்று நான் இங்கே நிம்மதியாக இருந்தேன். தப்பு முழுசாகத் தோன்றவில்லை என்று போன கடிதம் ஒன்றில் எழுதினேனே, அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன்னை ஓய்வெடுக்கச் சொன்னது தப்பில்லை. கேட்காமல் செய்தது தப்பு. கேட்டிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய், அந்தச் சண்டையில் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

இன்று மாலை 212ஐத் துடைத்தேன். பத்தொன்பதும் போய்விட்டன. அதிகாரி கையெழுத்துப் போட்டார். பொத்தானை அழுத்தும் முன் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றையாவது படித்திருக்கலாம். நீ வேண்டாம் என்றாயே என்று விட்டேன். ஒரு தடவையாவது உன் பேச்சைக் கேட்டுச் செய்தேன் என்று இருக்கட்டும்.

அக்கா

*

ஜூலை 4, மாலை 5.20
மெயில்

அக்கா, இது மெயில்தான். உன் வாசல் வழியாகவே வரட்டும். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அடிக்கிறேன். நீ சொன்ன மாதிரி தொட்டால் அதிர வைத்திருக்கிறேன், பரவாயில்லை. பாப்பாவை மாமா தூக்கி வைத்திருக்கிறார்.

டாக்டரம்மா உன் ஆறு தாளையும் மேஜையில் பரப்பி வைத்துப் படித்தார். "இவ்ளோ அழகா யார் எழுதினது?" என்றார். "நான் எழுதினது, எங்க அக்கா கையெழுத்து" என்றேன். அந்த மூன்றைப் பற்றி மட்டும் நிறையக் கேட்டார். பக்கத்து ரூமில் இருந்தபோது சத்தம் கேட்டுத்தானே ஓடி வந்தீர்கள் என்றார். ஆமாம், அழுகைச் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். கேட்டிருக்கிறேன், எழுதவில்லை. அந்த இரண்டு வருட மருந்து வேண்டாமாம். ரத்தத்தில் இரும்புச் சத்து பார்க்கச் சொன்னார், அங்கேயே பார்த்தோம், குறைவாக இருக்கிறது, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். வளர்ந்தால் நின்றுவிடும் என்றார். பழைய டாக்டர் சொன்ன அதே வார்த்தைதான், ஆனால் இவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் மெயில் வராத மாதிரி இதில் நானே ஒரு கட்டத்தை அழுத்திவிட்டேன். நானே அழுத்தினேன், குறித்துக்கொள்.

பத்தொன்பதில் பதினெட்டு எனக்கு மறந்துவிட்டது. புலம்பல்தான், போனால் போகட்டும். முதலாவது மட்டும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. திரும்ப அனுப்புகிறேன்:

"அக்கா, பாப்பா இன்னைக்கு அழுதுட்டே மூச்ச நிறுத்திட்டா. ஒன்பது வரைக்கும் எண்ணினேன். இப்ப சரியாயிட்டா, சிரிக்கறா. எனக்குத்தான் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை சொல்ல முடியாது, எல்லாரும் இருப்பாங்க. நீ இப்பவே கூப்பிடேன்."

*

ஜூலை 4, மாலை 5.23
மெயில்

இப்பதான் கெடச்சுது. கூப்பிடறேன், எடு.